பாதாம் பெட்டியை எடுப்பதற்கு முன்னால்: தக்கலைக் கடையிலிருந்து சில விஷயங்கள்

கன்னியாகுமரி ஜில்லா தக்கலையில் நானும் என் வீட்டுக்காரரும் நடத்துவது மளிகை, காய்கறி, பேக்கரி சாமான் எல்லாம் கலந்த நடுத்தரக் கடை. சில வருடங்களாக மாட்டுப்பாலுக்குப் பதிலாகக் குடிக்கும் பால்களும் வைக்கிறோம். சோயா, பாதாம், ஓட்ஸ், எப்போதாவது முந்திரி. பெரிய வியாபாரம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பிஸ்கட் வாங்க வருகிறவர் என்னிடம் ஒன்றும் கேட்பதில்லை. இந்தப் பெட்டியைக் கையில் எடுக்கிற முக்கால்வாசிப் பேர் ஏதாவது கேட்கிறார்கள். பதில் சொல்ல வேண்டுமே என்று படித்ததும், விசாரித்ததும், வீட்டில் காய்ச்சிப் பார்த்ததும்தான் கீழே இருப்பது.

யார் வந்தாலும் நான் முதலில் திருப்பிக் கேட்பது, "எதுக்கு மக்களே?" என்றுதான். சாயாவில் ஊற்றவா, பிள்ளைக்குக் கொடுக்கவா, உடம்புக்குச் சத்து வேண்டுமா, பால் குடித்தால் வயிறு ஒத்துக்கொள்ளவில்லையா? நாலுக்கும் நாலு பெட்டி. ஒன்றுக்கு நல்லது இன்னொன்றுக்கு உதவாது. இது தெரியாமல்தான் பலர் முந்நூறு ரூபாய்க்கு ஒன்றை வாங்கி, பாதியைச் சிங்கில் ஊற்றிவிட்டு, "இதெல்லாம் ஏமாத்து யக்கா" என்று என்னிடம் வந்து சொல்கிறார்கள்.

வயிறு ஒத்துக்கொள்ளாதவர்கள்தான் அதிகம் வருகிறார்கள். "பால் குடிச்சா வயிறு உப்புசமாட்டு இருக்கு, டாக்டர் பாதாம் பால் குடிக்கச் சொன்னாரு" என்பார்கள். இங்கே ஒரு சிக்கல் உண்டு. நம் ஊரில் பாதாம் பால் என்றால் மஞ்சளாக, ஏலக்காய் வாசத்தோடு, குளிரப் பாட்டிலில் வருவது. அது முழுக்க மாட்டுப்பால். அதில் பாதாம் பேருக்குத்தான். கடைப்பையன் ஃப்ரிட்ஜிலிருந்து அதை எடுத்துக் கொடுப்பான், அவர்களும் வாங்கிப் போய்க் குடிப்பார்கள், மறுநாள் வயிறு இன்னும் மோசம். அவர்களுக்கு வேண்டிய பெட்டியில் பால் என்ற சொல் பெரும்பாலும் இருக்காது. மாடு, எருமை போன்றவற்றிடமிருந்து கிடைப்பதற்கு மட்டுமே பால் என்று பெயர் போட வேண்டும் என்பது மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் விதி. 2021-ல் ஆன்லைன் விற்பனைத் தளங்களுக்கும் இதைச் சொல்லி உத்தரவு போட்டார்கள். அதனால் பாதாம் டிரிங்க், ஓட்ஸ் பெவரேஜ் என்றெல்லாம் எழுதியிருப்பார்கள். தேங்காய்ப்பால் போலக் காலங்காலமாக வழங்கும் பெயர்களுக்கு மட்டும் விலக்கு.

பச்சைப் புள்ளியைப் பார்த்து ஏமாற வேண்டாம். அது சைவம் என்பதற்கான அடையாளம், பால் சேர்ந்ததற்கும் அதே புள்ளிதான். பெட்டியின் பின்பக்கம் பொருட்பட்டியலுக்குக் கீழே, ஒவ்வாமை உள்ளவர்களுக்காக ஒரு வரி இருக்கும். அதில் மில்க் என்று இருக்கிறதா என்று பாருங்கள். 2022-லிருந்து வீகன், அதாவது விலங்கிலிருந்து வந்தது எதுவும் சேராத பொருளுக்கென்று தனி முத்திரையும் வந்திருக்கிறது, பச்சைக் கட்டத்துக்குள் ஆங்கில 'வி' எழுத்தும் ஒரு சின்ன இலையும். ஆனால் எல்லாப் பெட்டியிலும் அது இருக்காது. பின்பக்கத்தை வாசிப்பதுதான் நம்பகம்.

சரி, வயிற்றுக்கு வருவோம். பாலில் லாக்டோஸ் என்று ஒரு சர்க்கரை, நூறு மில்லியில் ஐந்து கிராம் அளவுக்கு இருக்கிறது. அதைச் செரிக்கும் என்சைம் வயது ஏற ஏறப் பலருக்குக் குறைந்துவிடுகிறது. குறைந்தால் வாயு, உப்புசம், பேதி. இது நோயும் இல்லை, அலர்ஜியும் இல்லை. இவர்களில் நிறையப் பேருக்குத் தயிரும் மோரும் தொந்தரவு செய்வதில்லை, ஏனென்றால் உறையும்போதே லாக்டோஸில் ஒரு பங்கு புளித்துப் போய்விடுகிறது. கொஞ்சமாக, சாப்பாட்டோடு சேர்த்துக் குடித்தால் பாலே ஒத்துக்கொள்பவர்களும் உண்டு. லாக்டோஸ் நீக்கிய மாட்டுப்பாலும் கிடைக்கிறது. அமுல் போடுகிறது. அதில் புரதமும் கால்சியமும் சாதாரணப் பாலில் உள்ளபடியே இருக்கும், லேசாக இனிக்கும். நான் இதையெல்லாம் சொன்னால் பாதிப் பேர் பெட்டியைத் திரும்ப வைத்துவிட்டுத் தயிர் வாங்கிப் போகிறார்கள். என் வீட்டுக்காரருக்கு இதில் வருத்தம்தான். ஆனால் அப்படிப் போனவர்கள்தான் மாதச் சாமானுக்கும் நம்மிடமே வருகிறார்கள் என்று அவரிடம் சொல்லியாகிவிட்டது.

பால் அலர்ஜி வேறு கதை. அது பாலில் உள்ள புரதத்துக்கு உடம்பு எதிர்ப்புக் காட்டுவது, சின்னப் பிள்ளைகளிடம் அதிகம். அந்தப் பிள்ளைகளுக்குத் தயிரும் ஆகாது, லாக்டோஸ் நீக்கிய பாலும் ஆகாது. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு என்று யாராவது பாதாமோ ஓட்ஸோ கேட்டால் நான் கொடுப்பதே இல்லை. தாய்ப்பால், இல்லையென்றால் டாக்டர் எழுதித் தரும் ஃபார்முலா, அவ்வளவுதான். பெட்டியில் இருப்பது அந்த வயதுக்குப் பால் ஆகாது.

இந்த இடத்தில் தேங்காய்ப்பால் பவுடரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் வீடுகளில் ஆப்பத்துக்கும் பாயசத்துக்கும் இப்போது அது வந்துவிட்டது. பவுடர் கட்டியாகாமல் கரைவதற்காகப் பல கம்பெனிகள் சோடியம் கேசினேட் சேர்க்கின்றன. அது பாலிலிருந்து எடுக்கிற புரதம். பால் அலர்ஜி உள்ள பிள்ளைக்குத் தேங்காய்தானே என்று இதைக் கலக்கிக் கொடுத்தால் ஆபத்து. பொருட்பட்டியலில் கேசினேட் என்ற சொல்லைத் தேடுங்கள். வீட்டில் துருவிப் பிழிந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

இனி, என் கடையில் விழுகிற கேள்விகளிலேயே எனக்குப் பிடித்தது. "எதுக்கு இந்தப் பெட்டி? நம்ம தேங்காப்பால் இல்லியா?" ஈத்தாமொழி தேங்காய்க்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஜில்லாவில் இருந்துகொண்டு இதைக் கேட்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஒன்றாம் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் என்று பிரித்துப் பிழிந்து, ஒன்றாம் பாலைக் கடைசியில் ஊற்றிக் கொதிக்க விடாமல் இறக்கத் தெரிந்த வீடுகள் இவை. ஆனால் நேர்மையான பதில், தேங்காய்ப்பால் சமையலுக்குப் பால், சத்துக்குப் பால் இல்லை. தண்ணீர் கலக்காத ஒன்றாம் பாலில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் கொழுப்பு, அதுவும் பெரும்பாலும் நிறைவுற்ற கொழுப்பு. குடிக்கிற பதத்துக்குத் தண்ணீர் விட்டால் புரதம் கிட்டத்தட்ட ஒன்றுமே மிஞ்சாது, கால்சியமும் அப்படித்தான். கம்பெனிகள் பெட்டியில் விற்கிற தேங்காய்ப்பால் பானமும் அந்த நீர்த்த பால்தான். தினமும் ஒரு டம்ளர் மாட்டுப்பால் குடித்த ஆள் அதை நிறுத்திவிட்டு இதைக் குடித்தால், வயிறு நிறையும், எலும்புக்குக் கணக்குக் குறையும்.

அந்தக் கணக்கைத்தான் எல்லோரும் பார்க்க வேண்டும் என்பேன். மாட்டுப்பாலில் நூறு மில்லிக்கு மூன்று கிராமுக்கு மேல் புரதம், 120 மில்லிகிராம் அளவில் கால்சியம். இனிப்பில்லாத சோயாவில் புரதம் ஏறக்குறைய மாட்டுப்பாலுக்குச் சமம். ஓட்ஸில் ஒரு கிராம் சுற்றி. பாதாமில் அரை கிராமுக்குப் பக்கம். கால்சியம் எதிலும் தானாகக் கிடையாது, கம்பெனிக்காரன் சேர்த்திருந்தால்தான் உண்டு. சேர்த்திருந்தால் பின்பக்கச் சத்து அட்டவணையில் எழுதியிருக்கும். அப்படிச் சேர்த்த கால்சியம் அடியில் படிந்துவிடும், ஆகவே ஒவ்வொரு தடவையும் நன்றாகக் குலுக்கி ஊற்ற வேண்டும். மேலாக ஊற்றிக் குடித்துவிட்டு அடியில் கிடக்கிற வெள்ளை வண்டலைக் கெட்டுப்போனது என்று கொட்டுகிறவர்கள், காசு கொடுத்து வாங்கிய கால்சியத்தைத்தான் கொட்டுகிறார்கள்.

பெட்டியே வேண்டாம் என்றாலும் வழி இல்லாமல் இல்லை. முள்ளோடு மென்று தின்கிற நெத்தோலியில் கால்சியம் உண்டு. கேழ்வரகில் நூறு கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. எள்ளில் அதைவிடவும் அதிகம். வாரத்தில் பாதி நாள் மீன் வாங்குகிற வீட்டுக்காரரிடம் பாதாம் டிரிங்க் விற்பதில் எனக்கு அவ்வளவு உற்சாகம் வருவதில்லை.

பாதாம் என்றால் உயர்ந்தது என்ற எண்ணம் மட்டும் அசைய மறுக்கிறது. பெயரில் பாதாம் இருந்தால் எத்தனை சதவீதம் பாதாம் என்று பொருட்பட்டியலில் போட்டிருப்பார்கள். எங்கள் கடைக்கு வந்த பெட்டிகள் பெரும்பாலும் இரண்டிலிருந்து ஐந்து சதவீதத்துக்குள். மூன்று என்றே வைத்துக்கொள்வோம். ஒரு லிட்டரில் முப்பது கிராம். எண்ணினால் இருபத்தைந்து பாதாம் சொச்சம். பாதாம் கிலோ ஆயிரம் ரூபாய் என்று வைத்தாலும் முப்பது ரூபாய்ப் பாதாம். மீதி தண்ணீர், பிரியாமல் இருக்க ஒரு கோந்து, உப்பு, சேர்த்திருந்தால் கால்சியமும் வைட்டமினும், பெட்டி, வண்டிக்கூலி. இதைத் தப்பு என்று சொல்லவில்லை. கலோரி குறைவாக வேண்டும், காலைக் கஞ்சியிலோ ஸ்மூத்தியிலோ ஊற்ற வேண்டும் என்பவர்களுக்கு இனிப்பில்லாத பாதாம் சரியான பொருள். புரதத்துக்காக வாங்குகிறேன் என்றால் ஊறவைத்த பாதாமை அப்படியே மென்று தின்பது மேல்.

சர்க்கரைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. சோயா, பாதாம் இரண்டிலும் வெனிலா, சாக்லேட் என்று வருவதில் 200 மில்லியில் மூன்று தேக்கரண்டி வரைக்கும் சர்க்கரை போகும். அன்ஸ்வீட்டன்டு என்று எழுதியதை மட்டும் எடுங்கள். ஓட்ஸில் அந்த வார்த்தை இருந்தாலும் அட்டவணையைப் பாருங்கள். ஓட்ஸ் மாவை வழவழப்பில்லாமல் பாலாக்க என்சைம் விட்டு மாவுச்சத்தை உடைக்கிறார்கள். உடைந்தது சர்க்கரையாகத்தான் மாறும். சேர்க்காமலேயே இனிக்கிறது என்றால் காரணம் அதுதான்.

சாயாவுக்கு எது நல்லது என்று கேட்பவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து லீவுக்கு வந்தவர்கள், அல்லது வீட்டிலிருந்து வேலை பார்க்கிற ஐ.டி. பிள்ளைகள். கன்னியாகுமரி, முட்டம் பக்கம் வந்து தங்குகிறவர்களுக்காக ஹோம்ஸ்டே நடத்துகிற ஒன்றிரண்டு பேரும் வாங்குவார்கள். இவர்களுக்கு ஓட்ஸ்தான், அதிலும் பாரிஸ்டா என்று போட்டது. சாதாரணப் பெட்டியைச் சூடான காபியில் ஊற்றினால், காபியின் புளிப்பும் சூடும் சேர்ந்து திரித்துவிடும். சோயா இன்னும் சீக்கிரம் திரியும். பாரிஸ்டா வகையில் அந்தப் புளிப்பைச் சமாளிக்க ஒரு பாஸ்பேட் உப்பும், நுரை நிற்கக் கொஞ்சம் எண்ணெயும் சேர்த்திருப்பார்கள். அது கிடைக்காவிட்டால் ஒரு வழி: பாலைத் தனியே மிதமாகச் சூடாக்கிக் கொள்ளுங்கள், கொதிக்க விடாதீர்கள். காபியை இறக்கி ஒரு நிமிடம் ஆறவிட்டு, பாலைக் கப்பில் முதலில் ஊற்றி, அதன்மேல் காபியை மெதுவாக விடுங்கள். சாயாவில் புளிப்புக் குறைவு, அதனால் தொல்லையும் குறைவு. ஆனால் நம் சாயாக்கடைக்காரர்கள் பாலைக் கொதிக்கக் கொதிக்க அடுப்பில் வைத்திருக்கிற முறைக்கு இவை எதுவுமே தாங்காது.

பக்கத்துச் சாயாக்கடை அண்ணனிடம் ஒரு பெட்டி ஓட்ஸ் கொடுத்து, போட்டுப் பாருங்கள் என்றேன். போட்டார், குடித்தார், கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், "கொள்ளாம். ஆனா இந்தக் காசுக்கு ஒரு வாரம் கட்டஞ்சாயா குடிக்கலாம்லா" என்றார். கொள்ளாம் என்றால் நன்றாக இருக்கிறது, கட்டஞ்சாயா என்றால் பால் விடாத சாயா. எங்கள் ஜில்லாவில் இந்தப் பெட்டிகள் ஏன் வேகமாகப் போவதில்லை என்பதற்கு இதைவிடச் சரியான பதில் எனக்குத் தெரியவில்லை. சென்னையில் பால் ஆகாத ஒருவர் காபியை விட முடியாமல் ஓட்ஸ் தேடுவார். இங்கே பால் ஆகாதவர் கட்டஞ்சாயாவுக்கு மாறிவிடுவார், சாயங்காலம் கருப்பட்டி போட்ட சுக்குக்காப்பி. பால் இல்லாமல் குடிப்பது இங்கே குறையாகவே படுவதில்லை. சமையலுக்கோ தேங்காய் இருக்கிறது. கம்பெனிக்காரர்கள் மாட்டுப்பாலோடு போட்டி என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். இங்கே அவர்களுக்கு எதிராளி கட்டஞ்சாயா.

விலையைப் பற்றி. பாக்கெட் பாலுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. பாதாம், ஓட்ஸ் பானங்களுக்கு 18 சதவீதமும் சோயாவுக்கு 12 சதவீதமும் இருந்தது. 2025 செப்டம்பர் 22-லிருந்து இரண்டும் 5 சதவீதம். 18 சதவீதம் சேர்த்து 300 ரூபாய் போட்டிருந்த பெட்டி, கணக்குப்படி 267 ரூபாய்க்கு வர வேண்டும். வாங்கும்போது இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். குறைந்த பிறகும் அது ஆவின் நீலப் பாக்கெட்டைப் போலப் பல மடங்குதான், வரி மட்டும் காரணம் இல்லை. விற்பனை குறைவு, தூரம் அதிகம், எங்கோ தயாராகி நாட்டின் கடைசி ஜில்லாவுக்கு வர வேண்டும்.

சோயா மட்டும் விலையிலும் சத்திலும் நியாயமாக இருக்கிறது, ஆனால் அதன் பச்சை வாசம் பலருக்குப் பிடிப்பதில்லை. ஜிம் போகிற பையன்கள்தான் அதிகம் வாங்குகிறார்கள். தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மாத்திரையோடு சோயாவோ கால்சியம் சேர்த்த பானமோ குடிக்கக் கூடாது, மாத்திரை உடம்பில் சேர்வதைக் குறைத்துவிடும். எத்தனை மணி நேரம் இடைவெளி என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் செய்வதாக இருந்தால் சோயா பீன்ஸை இரவே ஊறவைத்து, தோலைக் கசக்கி எடுத்து, கொதிக்கிற வெந்நீர் விட்டு அரையுங்கள். பச்சை வாசம் பாதி அங்கேயே போய்விடும். வடிகட்டி, கால் மணி நேரத்துக்குக் குறையாமல் கொதிக்க விட வேண்டும். கொதி வரும் முன்பே நுரைத்துப் பொங்கும், வெந்துவிட்டது என்று அடுப்பை அணைத்துவிடாதீர்கள். சரியாக வேகாத சோயா வயிற்றைக் கெடுக்கும். சக்கையை அடையிலும் வடையிலும் சேர்க்கலாம்.

எங்கள் வீட்டில் நிலைத்தது அண்டிப்பருப்புப் பால், அதாவது முந்திரிப் பால்தான். அண்டி ஆபீஸ்கள் என்று நாங்கள் சொல்லும் முந்திரி ஆலைகள் நிறைந்த ஜில்லாவில் முழுப்பருப்பு வாங்க வேண்டியதே இல்லை. உடைந்த துண்டு, பொடித் துண்டு எல்லாம் முழுப்பருப்பைவிட மலிவாகக் கிடைக்கும். பாலுக்கு முழுசும் துண்டும் ஒன்றுதான். ஒரு கப் துண்டுப் பருப்பை வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, நாலு கப் நல்ல தண்ணீர் விட்டு மைய அரைத்தால் முடிந்தது. வடிகட்டவே வேண்டாம், சக்கை என்று எதுவும் மிஞ்சாது. சூடாக்கினால் கொஞ்சம் கெட்டிப்படும், அதற்குத் தக்கபடி தண்ணீர் விட்டுக்கொள்ளலாம். காபியில் நன்றாகக் கலக்கும். குருமாவுக்கும் ஊற்றலாம். 2025-ல் தேங்காய் கிலோ 60 ரூபாயைத் தாண்டியபோது, என் மைனி இடியாப்பத்துக்கே இதைத்தான் ஊற்றினாள். பெரியவர்கள் முகம் சுளித்தார்கள், பிள்ளைகள் ஒன்றும் கண்டுகொள்ளவில்லை. ஃப்ரிட்ஜில் வைத்து இரண்டு நாளில் தீர்த்துவிட வேண்டும். கால்சியம் இதிலும் கிடையாது. முந்திரி, பாதாம் அலர்ஜி உள்ளவர்கள் பக்கமே போகக் கூடாது.

கடை வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால்: லிட்டர் பெட்டியை அடுக்கி வைக்காதீர்கள். 200 மில்லி முதலில் போகட்டும். ருசி பிடிக்காமல் ஒரு லிட்டரைக் கொட்டியவர் திரும்ப வர மாட்டார், சின்னப் பெட்டியில் பிடிக்காமல் போனவர் வேறு ஒன்றைப் பார்க்க வருவார். சரக்கு இறக்கும்போதே தேதியைப் பாருங்கள். திறக்காத பெட்டி மாதக்கணக்கில் தாங்கும் என்றாலும், நம் கைக்கு வரும்போது பாதி ஆயுள் முடிந்திருக்கும், சின்னக் கடையிடமிருந்து ரிட்டர்ன் எடுக்க டீலர்கள் யோசிப்பார்கள். திறந்த பிறகு ஃப்ரிட்ஜில் வைத்து, பெட்டியில் எழுதியிருக்கும் நாளுக்குள் முடிக்கச் சொல்லிக் கொடுங்கள், கரண்ட் போய் வருகிற மழைக்காலத்தில் அதற்கு முன்பே. குளிர்ந்த பாதாம் பால் பாட்டில்களுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், ஓட்ஸ், கேழ்வரகு மாவு இருக்கிற அலமாரியில் வையுங்கள். அங்கே நிற்கிறவர்கள் ஏற்கெனவே பின்பக்கம் வாசிக்கிற ஆட்கள்.

எனக்கு இப்போது உள்ள ஒரே குறை, இனிப்பில்லாத, கால்சியம் சேர்த்த சோயா சின்னப் பெட்டியில் எங்கள் பக்கம் வருவதில்லை. வருவதெல்லாம் சாக்லேட்டும் வெனிலாவும். லிட்டர் பெட்டியில் இருக்கிறது என்று டீலர் சொல்கிறார். தனியாக இருக்கிற வயதானவர்கள் லிட்டரைத் திறந்து என்ன செய்வார்கள் என்று ஒவ்வொரு ஆர்டரிலும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.